மெஷினுக்குத் தெரியாத வித்தை

வரதன் புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் தடவி, நடுவில் அழுத்தமாகக் குங்குமம் வைத்தான். கற்பூரத் தட்டை மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டான். அந்தப் பக்தியைப் பார்த்து முதலாளி சங்கரநாராயணனின் கைகளும் தானாகக் குவிந்தன.

'தாயே, இந்தச் சனியன் வேலை செய்யக் கூடாது' என்று வேண்டிக்கொண்டிருந்தான் வரதன்.

அவன் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். எண்ணூர் சாலையோரத்துக் கன்டெய்னர் யார்டு அது. வாசலுக்கு வரும் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, கன்டெய்னர் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உள்ளே விடுவது அவனும் கெங்கம்மாவும் இன்னும் இரண்டு பேரும் செய்யும் வேலை. இனிமேல் கேமரா படம் எடுக்கும், கம்ப்யூட்டர் எண்ணைப் படித்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமைதோறும் வாசல் கேபினுக்குக் கற்பூரம் காட்டுகிறவன் என்பதால் இதற்கும் அவனையே காட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. கழுத்தை அறுக்கப்போகிற கத்திக்குக் கழுத்துக்காரனே பொட்டு வைக்க வேண்டியதாயிற்று.

"ம், ஆரம்பிம்மா," என்றார் சங்கரநாராயணன்.

புரோகிராமைக் கொண்டுவந்திருந்த மகிமா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். சின்னப் பெண். காலையில் வந்ததிலிருந்து வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டதில், அவள்மேல் கோபப்படக்கூட வரதனுக்கு வழியில்லாமல் போயிருந்தது.

"இவங்க நாலு பேருக்கும் இனி யார்டுக்குள்ள வேலை குடுப்பீங்கல்ல சார்?" என்று போகிற போக்கில் கேட்டாள்.

"உள்ள என்ன வேலை இருக்கு? நாளையிலேருந்து வீட்டுல இருக்க வேண்டியதுதான். இவங்களையும் வச்சுக்கிட்டு உன் மெஷினையும் எதுக்கு வாங்கணும்ங்கேன்?"

கெங்கம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரதன் ஜன்னல் வழியே லாரிகளைப் பார்த்தான். ஐம்பது வயதுக்கு மேல் எந்த யார்டில் போய் வேலை கேட்பது? யார் காலில் விழுந்தால் நடக்கும்? அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

மகிமாவின் கை சற்று நேரம் சும்மா இருந்தது. "ஒரு நிமிஷம் சார், ஒண்ணு செக் பண்ணிக்கறேன்," என்று எதையோ தட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது.

"என்னம்மா இது?"

"புரோகிராம் ஆரம்பிக்கும்போதே உள்ள இருக்கிற புராசஸரை ஒரு கேள்வி கேக்கும் சார். ஒரே அடியில பல கணக்கைப் போடுற வித்தை உனக்குத் தெரியுமான்னு. தெரிஞ்சாத்தான் படத்தை வேகமாப் படிக்க முடியும். இது தெரியாதுங்குது."

"புத்தம் புது மெஷினுக்கா தெரியாது?"

"புதுசுலயும் சிலதுக்குத் தெரியாது சார்."

"தெரியாட்டா சொல்லிக் குடு!"

"அது பிறவியிலயே வரணும் சார். தெரியாததைச் செய்யச் சொன்னா பாதியிலயே படுத்துடும்."

"அப்ப மெதுவாவே படிக்கச் சொல்லு."

"படிக்கும். ஆனா லாரி வரிசை காத்திவாக்கம் தாண்டி நிக்கும்."

சங்கரநாராயணனுக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று போய்த் தன் லேப்டாப்பைத் தூக்கிவந்து வைத்தார். "போன வாரம் வாங்கினது. இதுக்கு மேல ஒசத்தி கடையிலேயே கிடையாதுன்னு சொல்லிக் குடுத்தான். இதைக் கேளு."

மகிமா அதையும் கேட்டாள். அதுவும் தெரியாது என்றது.

"கடைக்காரப் பய என் தலையிலேயே மொளகா அரைச்சிட்டானே!" என்று கத்தினார் முதலாளி. வெளியே லாரிக்காரர்கள் ஹாரனை விடாமல் அடிக்க, கோபம் கடைக்காரனை விட்டு மகிமா மேல் பாய்ந்தது. "ரெண்டு மெஷினும் தப்பு, நீ மட்டும் சரியாக்கும்? உன் புரோகிராம்தான் தண்டம். எடுத்துட்டுக் கிளம்பு. அடுத்த மாசம் வேற கம்பெனியப் பாத்துக்கிடுதேன். ஏ கெங்கம்மா, போய் லாரிய உள்ள விடு!"

அதோடு விடவில்லை. மகிமாவின் கம்பெனிக்குப் போன் போட்டு, அவள் காதுபடவே வறுத்தெடுத்தார். மகிமா ஒயர்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

வரதனுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. மிஞ்சிப்போனால் ஒரு மாதம், அப்புறம் வேறொரு மெஷின் வரும், அதற்கும் அவன்தான் பொட்டு வைக்க வேண்டும். இந்த ஒரு மாதத்துக்காக யார் பெற்ற பிள்ளையோ திட்டு வாங்கிக்கொண்டு போகிறதே, அதன் வேலைக்கே உலை வந்துவிட்டால்? மனசு கேட்காமல் பஸ் ஸ்டாப் வரை அவள் பின்னாலேயே ஓடினான்.

"யம்மா, மன்சுல ஒண்ணும் வெச்சுக்காத. இன்னிக்கு நடந்ததெல்லாம் என்னாலதான்," என்றான் மூச்சிரைக்க.

"உங்களாலயா? நீங்க என்னண்ணே பண்ணீங்க?"

"சாமி கும்புடற மாறி கண்ண மூடிகினு, இந்த மெஷினு வேல செய்யக் கூடாதுன்னு வேண்டிகினேன்மா. அதான் அதுக்கு ஒண்ணும் தெரியாமப் பூட்ச்சு. உன்னப் போய் பேஜார்ல மாட்டி வுட்டுட்டேன்."

மகிமா யார்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதுக்கு எல்லாம் தெரியும்ணே. தெரியாதுன்னு சொல்ல வெச்சது நான்தான்."