இறுகிப்போன குழாய்

"ஏம்மா, உனக்கு நிஜமாவே இந்த வேலை தெரியுமா?"

அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டதில், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவளின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி சிங்க்கில் விழுந்தது. ஆறு வருஷமாக ஊரில் பாதிக் குழாயைச் சரிசெய்தவள். இன்றைக்குத்தான் இப்படித் தடுமாறுகிறாள்.

தடுமாறாமல் என்ன செய்வாள்? அவள் கட்டிக்கொள்ளப் போவது இந்த அம்மாவின் மகனைத்தான். "என்னைக் கேக்காம நீயே பாத்துக்கிட்ட பொண்ணு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று அம்மா மூன்று மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறார். போட்டோவைக் காட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நேற்று மகன் போனில் ஒரு வழி சொன்னான். "சமையலறைக் குழாயில, பிடிக்குக் கீழ இருக்கிற நட்டை அரைச்சுத்து இறுக்கி வெச்சிடறேன். பிடி திரும்பாது. ஆள் அனுப்பறேன்னு சொல்லிடறேன், நீ வந்துடு. உனக்கு ரெண்டு நிமிஷ வேலை. அம்மாவுக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சுன்னா மத்ததை அப்புறம் சொல்லிக்கலாம்."

ரெண்டு நிமிஷமா! கால் மணி நேரமாகியும் நட்டு அசைந்து கொடுக்கவில்லை. யாரோ பயில்வான் முறுக்கியது மாதிரி இருந்தது. 'அரைச்சுத்தாம் அரைச்சுத்து! இருக்கட்டும், அவரைக் கவனிச்சுக்கறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முழு உடம்பையும் ஸ்பேனர் மேல் சாய்த்தாள்.

நட்டு கழன்று எகிறியது. பதற்றத்தில் வால்வை மூட மறந்திருந்தாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அம்மாவின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"மூடும்மா! கீழ இருக்கு பாரு, மூடு!"

இருவரும் ஒரே நேரத்தில் சிங்க்குக்கு அடியில் பாய்ந்தார்கள். மண்டையும் மண்டையும் டங்கென்று மோதின. எப்படியோ வால்வை மூடிவிட்டு, சொட்டச் சொட்டத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"நான் காலையிலயே குளிச்சாச்சேம்மா!" என்றார் அம்மா, மூக்கு நுனியில் ஒரு சொட்டு ஆட.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் சிரித்தார். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கப் பார்க்க அடங்கவில்லை.

"போதும் அத்தை, வயிறு வலிக்குது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தையா! அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"மன்னிச்சிடுங்க... நான்தான் அந்தப் பொண்ணு. குழாயை அவர்தான் இறுக்கி வெச்சாரு..."

அம்மா துண்டை எடுத்து, முதலில் அவள் தலையைத் துவட்டினார்.

"அவனா? நேத்து அவன் உன்கிட்ட போன்ல பேசினது என் காதுலயும் விழுந்துச்சு. அவன் இறுக்கின லட்சணம், காலையில நான் தொட்டதுமே திறந்துகிச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வராதேன்னு சொன்ன வாயால வான்னு கூப்பிட முடியுமா? அதான் நானே முறுக்கி வெச்சேன்!"