நத்தோவி சாலையில் ஒரு சக்கரம்

அன்று என்ன கிழமை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்லும்போதெல்லாம் ஒரு கிழமை மாறிவிடுகிறது. நத்தோவி துறையிலிருந்து படகு நான்கு மணிக்கு என்பதும், அப்போது இரண்டரை ஆகியிருந்தது என்பதும் மட்டும் நிச்சயம்.

"திருட்டுப் பய!"

காரின் டிக்கியைத் திறந்த சகியூசா மூக்கைப் பொத்திக்கொண்டான். ஸ்பேர் டயர் இருக்க வேண்டிய குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு சேப்பங்கிழங்கு அழுகி நுரைத்துக் கிடந்தது. முன்பக்கத்தில் டயர் பள்ளத்தில் விழுந்து கிழிந்து, ரிம்மும் நெளிந்து போயிருந்தது.

"திருடலை. கேட்டுத்தான் வாங்கிட்டுப் போனான்," என்றாள் அவன் மனைவி லிதியா, வண்டியை விட்டு இறங்காமலே.

"உன் தம்பி நெமானி கேக்குறதுக்கும் திருடுறதுக்கும் என்ன வித்தியாசம்? மூணு மாசமாச்சு. ஜாக்கியையும் சேர்த்துல்ல தூக்கிட்டுப் போயிட்டான்!"

"கெரெகெரேன்னு வந்து உக்காந்தப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. வாய்ல கிழங்கா வெச்சிருந்தீங்க?"

சொல்லியிருக்க முடியாது. சொந்தக்காரன் 'உன்னிடம் இருப்பதைக் கொடு' என்று உறவுமுறையில் கேட்கும் அந்த ஒரு சொல்லோடு பாயில் வந்து உட்கார்ந்துவிட்டால் எவனால் மறுக்க முடியும்? தலைநகர் சுவாவில் வேலை கிடைத்த நாளிலிருந்து சகியூசாவின் மண்வெட்டி, ரேடியோ, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு எல்லாம் அப்படித்தான் போயின. எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவனுக்குக் குமட்டும்.

காலையில் தீவிலிருந்து அக்கா போன் செய்திருந்தாள். "அப்பாவுக்கு வேற பேச்சே இல்லடா. உன் பேரைத்தான் சொல்லிட்டே இருக்கார்." இந்தப் படகை விட்டால் அடுத்தது நாளை மறுநாள்தான். அதுவரை அந்த வாய் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்குமா?

மேட்டுப் பாதையிலிருந்து ஒருவன் அரிவாளோடு இறங்கி வந்தான். முழங்கால் வரை மண். தன் பெயர் விலிகேசா என்றான். கிழிந்த டயரைக் குனிந்து பார்த்தான்.

"எந்தத் தீவு?"

சகியூசா சொன்னான். அப்பாவின் ஊரையும் பெயரையும் சொன்னான். அவர் கிடக்கும் கிடையையும் சொன்னான்.

"அட, எங்க அம்மா பொறந்த ஊருதான்யா. அப்படீன்னா நீ எனக்கு மச்சான்!" விலிகேசா சிரித்தான். "மச்சான்கிட்ட இருக்கிற அதே வண்டிதான் எங்கிட்டயும். வருஷமும் அதேதான். அதுவும் இப்படித்தான், கிழவி மாதிரி இருமிக்கிட்டே ஏறும்."

சகியூசா சாலையைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். லிதியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குக் குமட்டும் அந்தச் சொல்லையே அவன் சொன்னான்.

"கெரெகெரே, மச்சான். ஒரு சக்கரம்."

 விலிகேசா திரும்பி, மேட்டில் மரங்களுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுப் பக்கம் பார்த்தான். பிறகு அரிவாளைப் புல்லில் போட்டான்.

"இரு. இதோ வந்துடறேன்."

போனவன் சீக்கிரம் வரவில்லை. நசுங்கிக் காய்ந்த தேரைகள் தாரோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றின் மேல் ஈக்கள் எழுந்தன, உட்கார்ந்தன.

ஒரு வழியாக விலிகேசா வந்தான். ஒரு கையில் ஜாக்கி. இன்னொரு கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான். டயரின் வரிப்பள்ளங்களிலிருந்து ஈரச் சேறு சொட்டியது.

"சே!" உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சகியூசா மனைவியிடம் முணுமுணுத்தான். "ஒரு வாளித் தண்ணி ஊத்திக் கொண்டாந்தா என்ன? குடுக்கிறதுலயும் இவனுங்களுக்கு ஒரு அழுக்கு."

"அடுத்தவன் டயரை மோந்து பாத்துக்கிட்டு நிக்காதீங்க. மணி மூணு பத்து."

சக்கரத்தை விலிகேசாவே மாட்டினான். கடைசி நட்டைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு, ஜாக்கியை உருவிக்கொண்டான்.

"வர்ற வாரமே கொண்டுவந்து தந்துடறேன், மச்சான்," என்றான் சகியூசா.

"முதல்ல போய் அப்பாவைப் பாருய்யா. ஓட்டு, ஓட்டு!"

படகின் பலகையைத் தூக்கப் போகும் நேரத்தில் கார் ஏறியது.

நான்காம் நாள் மகனின் மடியில் தலை வைத்து அப்பா போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்த நெமானி, ஸ்பேர் டயரைப் பஞ்சர் ஒட்டி, கழுவி, தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தான். ஜாக்கியையும் மறக்கவில்லை. நெளிந்த சக்கரத்தைத் தூக்கி எறிந்துவிட்ட சகியூசா, அடுத்த வருடம் ஐந்து நல்ல சக்கரங்களோடு காரை நல்ல விலைக்கு விற்றான். விலிகேசா இப்போது மரவள்ளி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு பஸ் ஏறப் போகிறான். அன்று அவன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்த அவனுடைய சொந்தக் கார், இன்னும் மூன்று சக்கரத்தோடு தென்னங்கட்டை மேல் நிற்கிறது.