தட்டாத குதிகால்

ஹெரேஸ் ஊர்ப் போட்டி மேடையில் மதிய வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து சராயின் காலடியில் விழுகிறது. சிவப்புப் பாவாடையின் நீள வால் பலகைமேல் சுருண்டு கிடக்க, ஒரு கையை உயர்த்தி அசையாமல் நிற்கிறாள். இந்த இடத்தில் ஆடுபவள் குதிகாலால் ஓங்கித் தட்டிக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் பாடகன் பாடுவான். ஃபிளமெங்கோ நடனத்தில் அதுதான் வழக்கம். சராய் தட்டவில்லை. மௌனத்தாலேயே கூப்பிடுவது அவள் புதிதாகக் கண்டுபிடித்தது. பாட வேண்டியவன் அவள் அண்ணன் எலிசேயோ. "கூப்பிடாம வர்றதுக்கு நான் என்னடீ பேயா?" என்று காலையில்கூடச் சிரித்தான். "நீ வருவே பாரு" என்றாள். அவன் பாட்டு வரவில்லை. பன்னிரண்டு எண்ணிக்கையில் ஒரு சுற்று முடிந்து, இரண்டாவதும் முடிகிறது. நான் கைதட்டித் தாளம் போடுபவன். நிறுத்தினால் அவள் ஆட்டம் செத்துவிடும், உள்ளங்கை எரிய எரியத் தட்டுகிறேன். கிதார்க்காரர் அதே இரண்டு சுரங்களைச் சுற்றிச் சுற்றி மீட்டுகிறார். போட்டியின் இறுதிச்சுற்றுக்கு இன்னும் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. "ஒரே ஒரு தட்டு, தங்கம்," எலிசேயோ பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சுகிறான். "மாட்டேன். பாடுண்ணா," உதடு அசையாமல் சொல்கிறாள். உயர்த்திய முழங்கையிலிருந்து வியர்வை சொட்டுகிறது. மூன்றாவது சுற்று. நடுவர் அம்மா தாளில் சராயின் பெயர்மேல் ஒரு கோடு கிழித்து, பேனாவை மூடுகிறார். அந்தச் சின்ன 'டக்' மேடைவரை கேட்கிறது. அதற்குப் பிறகுதான் எலிசேயோவின் தொண்டை திறக்கிறது.