எபிலேட்டர் சத்தம்

“கேக்குதா? இன்னைக்கும் ஆரம்பிச்சுட்டா!”

பெரியவள் காப்பி டம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி சிந்திப்போனது.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து கொர்ரென்று மிஷின் சத்தம். கை கால் முடியை வேரோடு பிடுங்கி எடுக்கும் எபிலேட்டர்.

“தம்பி கண்ணை மூடி முழுசா மூணு மாசம் ஆகலை. பொழுது விடிஞ்சா முடி எடுக்கிற மிஷினைத் தூக்கிடறா. யாருக்கும்மா இந்த அலங்காரம்?”

“மெதுவாப் பேசுடி. அவ காதுல விழப்போகுது,” என்றாள் அம்மா.

“அந்தச் சத்தத்துல இடியே விழுந்தாலும் உன் மருமகளுக்குக் கேக்காது. பேசாம பெட்டியைக் கட்டு. சாயங்காலம் என்னோட கிளம்பிடு. அவ அழகை அவ பாத்துக்கட்டும்.”

“நான் வந்துட்டா அவ தனியா என்னடி பண்ணுவா?”

“இப்ப மட்டும் என்ன, உன்னோட கூடிக் குலாவிட்டு இருக்காளா?”

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். அவளும் அப்படித்தான். பிடிக்காத பேச்சு வந்தால் போதும், மிளகாய் அரைக்கணும், பொடி திரிக்கணும் என்று நழுவிவிடுவாள். இத்தனை அரைக்கிற வீட்டில் சாப்பாட்டில் மட்டும் பொட்டுக் காரம் இருக்காது.

அந்தப் பக்கம் எபிலேட்டர், இந்தப் பக்கம் மிக்ஸி. நடுக்கூடத்தில் பெரியவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள் அவள். அம்மா மடியில் தலை வைத்து ஒரு பாட்டம் அழுது தீர்க்கவேண்டும் என்றுதான் வந்தாள். வாசலிலேயே அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க பாரு, அவ முன்னாடி கண்ணைக் கசக்காதே. சின்னப் பொண்ணு. இப்பதான் எழுந்து நடமாடறா.”

மருமகளோ, பெட்டியை வாங்குகிற சாக்கில் காதோரம் வந்து சொன்னாள். “அண்ணி, அத்தை முன்னாடி மட்டும் அழுதுடாதீங்க. பெத்த மனசு, தாங்காது.”

சரிதானே என்று பெரியவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் வந்த நாளாகப் பார்க்கிறாள், இரண்டு பேர் கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆளுக்கொரு மூலையில் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். டிவி ஓடுகிறது. தம்பி என்று ஒருத்தன் இந்த வீட்டில் இருந்தானா என்றே சந்தேகமாக இருந்தது. அவனை நினைத்து அழ உலகத்தில் தான் ஒருத்திதான் மிச்சமா என்று நினைத்துப் பெரியவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையையும் தலையணையில் முகத்தைப் புதைத்துத்தான் அழவேண்டியிருந்தது.

நேற்று மருமகள் அறையை விட்டு வந்தபோது கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன.

“என்ன, கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?”

“எபிலேட்டர் அண்ணி. ஒவ்வொரு முடியையும் பிடுங்கும்போது உயிரே போகும். தானா கண்ணுல தண்ணி வந்துடும்.”

“அவ்வளவு வலியோட எதுக்கு இந்த வேலை?”

“பழகிடுச்சு அண்ணி. அவர் வாங்கிக் குடுத்தது. பழைய மாடல், வயரைச் செருகினாத்தான் ஓடும். ஆனா சத்தம் மட்டும் ஊருக்கே கேக்கும்,” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பெரியவளால் பொறுக்கவே முடியவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கேட்டுவிடுவது என்று எழுந்தாள். கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளினாள்.

கதவு பாதி திறந்தது.

எபிலேட்டர் கட்டில்மேல் கிடந்து தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் கதவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாயில் துண்டை அழுத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். துண்டைப் பிடித்திருந்த கையில் மாதக்கணக்காக மிஷினே படாத முடி.

பெரியவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

“அம்மா, அவ...”

மிக்ஸி இரைச்சலில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஒரு கையால் மிக்ஸி மூடியை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தோள் குலுங்கியது. ஜாருக்குள் ஒரு மிளகாய்கூட இல்லை.

பெரியவள் அப்படியே பின்வாங்கினாள். பாவி, இவர்களையா பிரித்துக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கூடத்துச் சுவரில் மெயின் ஸ்விட்ச் இருந்தது. எட்டிப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள்.

எபிலேட்டரும் மிக்ஸியும் ஒன்றாக நின்றன. அழுகை மட்டும் உடனே நிற்கவில்லை. அடுக்களை அழுகை அறைக்குக் கேட்டது, அறை அழுகை அடுக்களைக்குக் கேட்டது.

முகத்தைக்கூடத் துடைக்காமல் இரண்டு பேரும் கூடத்துக்கு வந்தார்கள்.

“கரண்ட்... போயிடுச்சா அத்தை?”

“ஆமாம்மா...” என்று ஆரம்பித்த அம்மாவுக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மருமகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“இப்போதைக்கு வராது,” என்றாள் பெரியவள், மெயின் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமலே.