ஞாயிறு டிஸ்கோ

காட்டுப்பாக்கத்தில் நாகேந்திரன் வீட்டுக் கதவை அடுத்த வீட்டு லோகேஷ் தட்டினான். உள்ளே பழைய டிஸ்கோ பாட்டு அதிர்ந்தது.

"இன்னா நைனா, ஞாயித்துக்கெழமை ஆனா ஒரே ஆட்டமா கீது? பசங்க வந்துகீறாங்களா?"

நாகேந்திரன் கதவை மறைத்து நின்றார். "வாசல்ல செருப்பைப் பார்த்தா தெரியலையா?"

"உங்களை வுட்டுட்டாங்கன்னு தெருவுல பேசிக்கினாங்க."

"எங்க வளர்ப்பு அப்படி இல்லப்பா."

"அதான பார்த்தேன்! ஆனா முப்பது வருசத்துப் பாட்டுக்கா பேரப்பசங்க ஆடுதுங்க?"

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் பழசுதான் பிடிக்கும்."

லோகேஷ் சிரித்துக்கொண்டே போனான். நாகேந்திரன் கதவைச் சாத்திவிட்டு, மகன் கல்லூரி நாட்களில் வாங்கிய அந்த ஒரே கேசட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டார்.

இருட்டியதும் வாசலுக்கு வந்தார். மகனும் மகளும் வெளிநாடு போகும்போது விட்டுப்போன செருப்புகளைத் தூசி தட்டி எடுத்து, அடுத்த ஞாயிறுக்காகப் பரணில் வைத்தார்.