கருந்துளைக்கு வளைகாப்பு

கருந்துளைக்குள் இன்னொரு பிரபஞ்சம் பிறக்கிறது என்று தையல்நாயகி எழுதிய கட்டுரையை ஆய்வுக்கூட இயக்குநர் சடகோபன் மேசையில் விட்டெறிந்தார். "உள்ள போனது போனதுதாம்மா. அதுலேருந்து ஒண்ணும் பொறக்காது."

பத்து வருஷமாகத் தன் வயிற்றைப் பற்றியும் அவள் கேட்ட பேச்சுதான் அது. பிள்ளையில்லாதவள் என்று, சொந்தத்தில் எந்த வளைகாப்பிலும் அவளை வளையல் போட விட்டதில்லை.

மறுநாள் காலை, ஆய்வுக்கூடச் சுவரில் இருந்த கருந்துளைப் படத்துக்கு அவளே சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சுற்றிலும் பச்சைக் கண்ணாடி வளையல்களை மாட்டினாள். வந்தவர்களுக்கெல்லாம் புளியோதரை கொடுத்தாள்.

"என்ன கூத்து இது? பிள்ளை எங்கே? காட்டுங்க பார்க்கலாம்!" என்று கத்தினார் சடகோபன்.

அவர் கையிலும் ஒரு தட்டைத் திணித்துவிட்டு, படத்தைக் காட்டினாள் தையல்நாயகி.

"இங்க வளைகாப்பு மட்டும்தான் சார். பிரசவம் அந்தப் பக்கம், அவ அம்மா வீட்ல. அங்க வந்து எட்டிப் பார்க்க உங்களை யாரும் கூப்பிடல."