நாற்பத்தொன்றாம் பல்

இரண்டாயிரம் ஆண்டுகள் கடலடியில் கிடந்த கிரேக்கப் பற்சக்கர யந்திரத்தின் துண்டு காலையில்தான் தரமணி ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது. மேகலாவின் ஸ்கேனர் உலோகத்துக்குள் பார்ப்பதோடு நிற்காது. அதை அராவிய கையையும் படித்துவிடும்.

திரையில் முடிவு வந்தது: ‘நாற்பத்தொன்றாம் பல்லிலிருந்து, செய்தவரின் வலக்கையில் நடுக்கம். நரம்பு நோயின் தொடக்கம்.’

“பாவம், யாரு பெத்த பிள்ளையோ,” என்றாள் மேகலா. “அந்தக் காலத்துல மருந்து ஏது?”

உதவியாளன் இன்பராஜ் ஸ்கேனருக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“மேடம், கிரேக்கத் துண்டு இன்னும் பெட்டியிலயே இருக்கு. உள்ள இருக்கறது நம்ம மாதிரிச் சக்கரம். மாத்த மறந்துட்டோம்.”

ஸ்கேனரைச் சரிபார்க்க முதலில் வைக்கும் புதுப் பித்தளைச் சக்கரம் அது. அசலைப் போலவே கையால் அராவியதாக இருக்க வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். போன மாதம் அராவிக் கொடுத்தவன், கீழ்த்தளப் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன் தணிகாசலம்.

மேகலா படியிறங்கி ஓடினாள். தணிகாசலம் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி வைத்திருந்தான். அரை டம்ளர். ஆறு மாதமாக வீட்டிலும் அப்படித்தான்; சர்க்கரைக்குப் பயந்து குறைத்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தான்.

“என்ன இப்படி மூச்சு வாங்குது? சக்கரத்துல ஏதும் பிசகா?”

அவள் டம்ளரை விளிம்புவரை நிரப்பி அவனிடம் நீட்டினாள்.

அவன் டம்ளரையே பார்த்தான். வலக்கை மெல்ல மேசைக்கு அடியில் போனது.

“அங்கயே வச்சுடு மேகலா,” என்றான். “ஆறட்டும்.”